குழந்தை, சொத்து, பசி: ஒரு சட்ட வம்சாவளி

விவாகரத்து வழக்கில் குழந்தை இரண்டு கேள்விகளாகப் பிளக்கப்படுகிறது. பிள்ளை யாருகிட்ட இருக்கும்? சோத்துக்கு யாரு குடுப்பா? வீட்டைப் பொறுத்தவரை இவை ஒரே கேள்விதான். இந்தியச் சட்டத்தில் இவற்றுக்குத் தனித்தனி வம்சாவளி உண்டு. முதல் கேள்வியை வளர்த்தது சொத்துரிமைச் சிந்தனை. இரண்டாவதை வளர்த்தது போலீஸ் சிந்தனை.

1890இல் காலனிய அரசு இயற்றிய கார்டியன் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் பார்க்கலாம். தகப்பன் உயிரோடு இருந்து, அவன் தகுதியற்றவன் என்று நீதிமன்றம் கருதாதவரை, பிள்ளைக்கு வேறொரு காப்பாளரை நியமிக்க முடியாது. இந்த வரிக்குள் தாய் நுழைய 2010 வரை, அதாவது 120 ஆண்டுகள், ஆயிற்று. 25ஆம் பிரிவு இன்னும் வெளிப்படையானது. காப்பாளரை விட்டு அகன்ற பிள்ளை திரும்புவதே அதன் நலன் என்று நீதிமன்றம் கருதினால், பிள்ளையைக் கைது செய்து ஒப்படைக்கலாம். நலனும் கைதும் ஒரே வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பட்டி தாண்டிய மாட்டுக்கும் இதுதானே நடைமுறை!

சுதந்திரத்துக்குப் பின் வந்த 1956ஆம் ஆண்டு இந்து மைனர் சட்டம் இதை உடைத்ததா? 'தகப்பன், அவனுக்குப் பிறகு தாய்' என்றது 6ஆம் பிரிவு. ஐந்து வயதுவரை பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கலாம். அதாவது தூக்கி வளர்ப்பது இவ, கையெழுத்துப் போடுவது அவன். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு மட்டும் தாய்தான் முதல் காப்பாளர். வாரிசுரிமை எங்கே பலவீனப்படுகிறதோ அங்கேதான் தாய் அதிகாரம் பெறுகிறாள் என்பது தற்செயல் அல்ல. மகன் பெயரில் கடன்பத்திரம் வாங்கத் தாயின் கையெழுத்து போதாது என்ற ரிசர்வ் வங்கியை எதிர்த்து கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், 1999இல் உச்ச நீதிமன்றம் 'பிறகு' என்பதை 'இல்லாதபோது' என்று வாசித்தது. வாசிப்பு மாறியது, வரி மாறவில்லை.

ஜீவனாம்சத்தின் கதை வேறு. அது 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவில் இருந்தது. பசிக்கும் குற்றத்துக்கும் என்ன சம்பந்தம்? கைவிடப்பட்டவர்கள் தெருவில் திரியக்கூடாது என்ற அரசின் அச்சம்தான். உச்சவரம்பு மாதம் 50 ரூபாய். 1955இல் அது 500 ஆயிற்று. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125ஆம் பிரிவு விவாகரத்தான மனைவியையும் சேர்த்துக்கொண்டது, 500ஐத் தொடவில்லை. 2001இல்தான் மத்தியச் சட்டம் அந்த வரம்பை நீக்கியது. 46 வருஷம் அரிசி விலை ஏறிக்கொண்டே போக, பிள்ளையின் வயிறு மட்டும் சட்டத்தில் அதே அளவில் நின்றது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவாக அது தொடர்கிறது.

இதில் ஒரு முரண் கவனிக்கத்தக்கது. பிள்ளையின் சோறு என்று வந்தால், இந்தப் போலீஸ் சட்டம் மதம் பார்ப்பதில்லை, பெற்றோருக்குத் திருமணம் ஆனதா என்றும் கேட்பதில்லை. குடும்பச் சட்டமோ இரண்டையும் கேட்கிறது. அன்பின் பெயரால் பேசும் சட்டத்தைவிட அச்சத்தில் பிறந்த சட்டம் தாராளமாக இருக்கிறது. ஆனால் அச்சம் கொடுப்பது பிச்சை அளவுதான். தாயின் வளர்ப்பு உழைப்பு, ராத்திரி கண்முழிப்பு, வேலையை விட்டதால் போன சம்பளம் எதுவும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. சொத்தாகவும் வேண்டாம், தெருவின் ஆபத்தாகவும் வேண்டாம். உரிமையுள்ள ஆளாகக் குழந்தையைப் பார்க்கும் சட்டமொழியை நாம் இனிமேல்தான் எழுதியாக வேண்டும்.