இங்கிலீசுக்குள்ள நம்ம பேரு

ஆத்தூரில் சேகோ மில்லுக்குக் கிழங்கு உரிக்கப் போய்க்கொண்டிருந்த அப்பன் அடிக்கடி சொல்லும்: “இங்கிலீசு படிச்சுக்கடா. அதுல பண்ணக்காரனுக்கும் நமக்கும் ஒரே ‘யூ’ தானாமே. வாடா போடான்னு கூப்புட முடியாது.”

அதை நம்பித்தான் மாலை வகுப்புக்குப் போனேன். வாத்தியார் தினமும் சில சொற்றொடர்கள் எழுதிப்போடுவார். ‘லுக் டவுன் ஆன்’: இளக்காரமாகப் பார்ப்பது. ‘புட் அப் வித்’: சகித்துக்கொண்டு போவது. ‘ஸ்டேண்ட் அப் டு’: எதிர்த்து நிற்பது. இவற்றுக்கு எனக்கு உதாரணம் தேவைப்படவில்லை. ஊர்த்தெரு ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தது.

ஒருநாள் ‘சோஷியல் பரையா’ என்று எழுதினார். எல்லோராலும் ஒதுக்கப்பட்டவன் என்று பொருள் சொன்னார். பின்பெஞ்சில் சிரிப்பு. எனக்குக் காது சுட்டது.

நம்ம பேரு அங்கே எப்படிப் போச்சு? சுருட்டு ‘செரூட்’ ஆனது. கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆனது. மிளகுத்தண்ணி ‘மல்லிகடானி’ ஆனது. இதெல்லாம் பண்டத்தோடு போன பெயர்கள். ஒரு மக்கள்கூட்டத்தின் பெயரோ வசவாகப் போனது. 16ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர் குறித்துவைத்த சாதிப்பெயர், 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் ‘ஒதுக்கப்பட்டவன்’ என்னும் பொதுச்சொல்லாகிவிட்டது. தெருநாய்க்கும் அதே பெயர்தான். வெள்ளைக்காரன் தானாகக் கண்டுபிடித்த இழிவல்ல இது. ஊர் சொன்னதை அவன் அகராதியில் ஏற்றினான்.

நம் முன்னோர் சும்மா இருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்றே பத்திரிகை தொடங்கினார். அயோத்திதாசர் அது பகைவர் இட்ட பெயர் என்று மறுத்து, 1907இல் தம் இதழை வேறு பெயரில் தொடங்கினார்: ஒரு பைசாத் தமிழன். எம்.சி.ராஜா போன்றோரின் முயற்சியால் 1922இல் சென்னை அரசு ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயரை ஏற்றது. ஒடுக்கப்பட்டோர் நிலையை ராஜா 1925இல் ஆங்கிலத்திலேயே நூலாக எழுதினார். 1930இல் சீனிவாசனும் அம்பேத்கரும் லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்து உரிமை கேட்டார்கள். எந்த மொழியில் நம் பெயர் வசவானதோ, அந்த மொழியிலேயே கேட்டார்கள்.

அப்பன் சொன்னது பாதி உண்மை. ‘யூ’வில் ஏற்றத்தாழ்வு இல்லை. அகராதியில் இருக்கிறது. அதற்காகப் படிக்காமல் விட்டால் நட்டம் யாருக்கு?

இப்போது எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நான் இங்கிலீசு சொல்லித் தருகிறேன். அந்தச் சொல்லையும் பலகையில் எழுதுகிறேன். ஆனால் முதலில் அது போன வழியைச் சொல்லிவிட்டுத்தான் பொருளைச் சொல்கிறேன். யாரும் சிரிப்பதில்லை.