வேனை நாமே கேரவனாக மாற்றினால் ஆர்.சி. என்ன ஆகும்? எடை வரம்பு முதல் அபராதம் வரை

பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், சிங்க், அடுப்பு, மேலே சோலார் பேனல் வைத்து ஊர் சுற்றும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, 'நாமளும் ஒண்ணு செஞ்சா என்ன?' என்று நினைப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கார்பென்டர் கிடைப்பார், வெல்டிங் பட்டறையும் கிடைக்கும். சிக்கல் ஆர்டிஓ அலுவலகத்தில்தான் தொடங்குகிறது.

2021 ஆகஸ்டில் கேரளாவின் கண்ணூரில் நடந்தது நினைவிருக்கலாம். 'இ புல் ஜெட்' யூடியூப் சேனல் சகோதரர்களின் 'நெப்போலியன்' கேரவனை மோட்டார் வாகனத் துறை பறிமுதல் செய்து, பதிவையும் நிறுத்திவைத்தது. அடுத்த மாதமே கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. ஆக, கேரவன் வைத்திருப்பது குற்றமில்லை. அது எப்படி உருவானது என்பதுதான் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுதான் இதில் முக்கியம். உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களுக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கும் முரண்பாடு வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. வேறு எரிபொருளுக்கு மாற்றுவது போன்ற சிலவற்றுக்கு மட்டும் நிபந்தனையோடு அனுமதி உண்டு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மாற்றங்களுக்கு இடம் கொடுத்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு அப்போது ரத்தானது.

மீறினால் 182ஏ(4) பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

எடைதான் முதல் பொறி

ஆர்.சி.யில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று, சுமை இல்லாத வெற்று எடை. மற்றொன்று, ஆள், லக்கேஜ் எல்லாம் சேர்ந்த அதிகபட்ச மொத்த எடை. பலரும் இரண்டாவதை மட்டும்தான் பார்ப்பார்கள். ஆனால் 113-வது பிரிவு இரண்டையும் பார்க்கிறது. வண்டியின் வெற்று எடையே ஆர்.சி.யில் உள்ளதைத் தாண்டினால், அதைப் பொதுச் சாலையில் ஓட்டுவது குற்றம். வண்டியோடு வழக்கமாக இருக்கும் சாதனங்களும் வெற்று எடையில் சேரும். அதாவது அலமாரியும் பேட்டரியும் பொருத்தி முடித்த அன்றே, ஒரு பை கூட ஏற்றாமலேயே, வண்டி விதியை மீறியிருக்கக்கூடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெற்று எடை 2,200 கிலோ, மொத்த எடை 3,200 கிலோ உள்ள வேன் என்று வைத்துக்கொள்வோம். கையில் 1,000 கிலோ இருக்கிறது, தாராளம் என்றுதான் தோன்றும். 18 மி.மீ. பிளைவுட், எட்டடிக்கு நாலடி ஷீட் ஒன்றே 30 கிலோவுக்கு மேல் வரும். 8 ஷீட் போட்டால் சுமார் 250 கிலோ. 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி இரண்டு வைத்தால் 110 கிலோ வரை. ஃபிரிட்ஜ், சிங்க், அடுப்பு, மெத்தை எல்லாம் சேர்த்து 120. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால் 100 லிட்டர் டேங்க்குக்கு 100 கிலோ. ஐந்து பேர் ஏறினால் இன்னொரு 325. மொத்தம் 905 கிலோ. துணிமணி, பாத்திரம், கூரை கேரியர், சோலார் பேனல் எல்லாம் மீதி 95 கிலோவுக்குள் அடங்க வேண்டும். பழைய சீட்டுகளைக் கழற்றினால் கொஞ்சம் குறையும்தான். ஆனால் சீட் எண்ணிக்கையும் ஆர்.சி. விவரமாச்சே!

அதிக எடைக்கு 194-வது பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய். சுமையை இறக்கும் செலவும் உங்கள் தலையில்தான். அபராதத்தைவிடப் பெரிய விஷயம் பிரேக். 3,200 கிலோவுக்கு வடிவமைத்த பிரேக், மலைப்பாதை இறக்கத்தில் 3,700 கிலோவைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும்.

டிரெய்லர் என்றால் தப்பிக்கலாமா?

'அதுல இன்ஜினே இல்லையே, எதுக்கு ஆர்.சி.?' என்று கேட்பவர்கள் உண்டு. சட்டத்தின் வரையறைப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். அதற்குத் தனிப் பதிவு வேண்டும், மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். பதிவில்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம்.

பதிவு செய்யப் போனால் உற்பத்தியாளர் தரும் சாலைத்தகுதிச் சான்றான படிவம் 22 கேட்பார்கள். அந்தச் சான்றுக்குப் பின்னால், மாதிரி வண்டியைப் பரிசோதித்த அங்கீகாரம் இருக்க வேண்டும். புனேயின் ஏஆர்ஏஐ, மானேசரின் ஐகேட், நம்ம ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி போன்ற மையங்கள்தான் அந்தச் சோதனையைச் செய்கின்றன. மோட்டார் கேரவனுக்கு ஏஐஎஸ் 124 என்ற தனித் தரநிலையும் இருக்கிறது. ஒரே ஒரு வண்டிக்காக இவ்வளவையும் தனிநபர் செய்வது கையைக் கடிக்கும் வேலை.

டிரெய்லர் அளவில் சிறியதாக இருந்தாலும் எடையைப் பரப்பும் விதம் முக்கியம். மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் இழுக்கும் கொக்கி மேல் இருக்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. பின்பக்கம் கனத்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும், முன்னால் போகும் காரையும் சேர்த்து இழுக்கும். அதிகாரி சந்தேகப்பட்டு எடை போடச் சொன்னால் மறுக்கவும் முடியாது. மறுத்தால் 40,000 ரூபாய்.

அப்போ என்னதான் வழி?

அங்கீகாரம் பெற்ற கேரவன் மாடலை, அதைத் தயாரிக்கும் நிறுவனத்திடமே வாங்கி, கேரவன் என்றே பதிவு செய்வதுதான் சிக்கல் இல்லாத வழி. கையில் ஏற்கெனவே வேன் இருந்தால், வேலை தொடங்கும் முன்பே வரைபடத்தோடு ஆர்டிஓவிடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். 'முடிச்சிட்டு காட்டிக்கலாம்' என்று பட்டறையில் சொல்வதை நம்ப வேண்டாம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லியாக வேண்டும். சொல்லாத மாற்றத்தைக் காட்டி, விபத்தில் வண்டிச் சேதத்துக்கான கிளெய்மை அவர்கள் மறுக்கலாம்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் சீட்டுகளைத் தொடாமல், மடக்குக் கட்டில், ஐஸ் பாக்ஸ், டென்ட் என்று ஏற்றி இறக்கும் பொருட்களோடு நிறுத்திக்கொள்ளலாம். அது லக்கேஜ் கணக்கில்தான் வரும், மொத்த எடைக்குள் இருந்தால் போதும். வீட்டு உபயோக எல்பிஜி சிலிண்டரை மட்டும் வண்டியில் ஏற்றிச் சமைக்க வேண்டாம். காஸோடு சேர்த்து அதுவே சுமார் 30 கிலோ, வீட்டுக்கு வெளியே பயன்படுத்த அனுமதியும் கிடையாது.

சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனும் டிரெய்லரும் போக்குவரத்து அல்லாத வாகனப் பட்டியலில் வருகின்றன. வாரக் கடைசியில் வாடகைக்கு விட்டுச் செலவை எடுக்கலாம் என்றால், அது போக்குவரத்து வாகனம். மஞ்சள் போர்டு, பெர்மிட், தகுதிச் சான்று எல்லாம் தனி.