பர்மாத் தேக்கும் பாரம்பரியமும்

செட்டிநாட்டு வீடுகளின் பழைய சன்னல்களைச் செப்பனிடுவதற்கு இன்று 'பாரம்பரியப் பாதுகாப்பு' என்று பெயர். யாருடைய பாரம்பரியம் என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டுச் சன்னல் ஒன்றை ஆசாரியோடு உட்கார்ந்து நானும் செப்பனிட்டிருக்கிறேன். பெயிண்டைச் சுரண்டி, மழைநீர் தங்கி மக்கிய அடிச்சட்டத்தை மட்டும் அறுத்து, பழைய தேக்கிலேயே ஒட்டுப்போட்டு, ஆளிவிதை எண்ணெய் பூசினோம். "பர்மாத் தேக்குங்க, கரையான் அண்டாது" என்றார். அவருக்கு மரம் தெரியும். மரத்தின் வரலாறு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. அதனால் மரத்தை வைரம்வரை வளையமாக வெட்டி, இரண்டு மூன்று வருஷம் நின்றபடியே சாகவிட்டு, யானைகளால் இழுத்து ஆற்றில் விட்டார்கள். 1885இல் தேக்குக் கணக்கைக் குறைத்துக் காட்டியதாக பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்கு தீபோ மன்னரின் அரசு அபராதம் போட்டது. பிரிட்டிஷாருக்கு அது போதிய சாக்கு. 1886 ஜனவரி 1இல் மேல் பர்மா அவர்கள் வசமானது.

கீழ் பர்மாவிலோ நம்மவர்களின் வட்டிக்கடைகள். பெருமந்தத்தில் நெல் விலை விழ, அடமான நிலம் கைமாறியது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930இல் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம்.

சன்னலைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. மரத்தைக் காப்பாற்றத்தான் வேணும். ஆனால் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது "கப்பல்ல வந்த மரம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோமே, அந்தப் பேச்சில் பர்மிய விவசாயிக்கும் ஒரு வாக்கியம் சேர்க்கணும்.