கைதிகளுக்காகப் பாடியவர்

1938 செப்டம்பரில் முசோலினியின் அரசு யூதர்களுக்கு எதிரான சட்டங்களை அறிவித்தபோது இசையமைப்பாளர் லூயிஜி தல்லப்பிக்கோலாவுக்கு வயது 34. பிளாரன்ஸ் இசைக் கல்லூரியில் ஆசிரியர். அந்த ஆண்டுதான் அவர் கைப்பிடித்திருந்த லாரா, யூதப் பெண். ஒரு காலத்தில் தல்லப்பிக்கோலாவும் முசோலினியை நம்பியவர்தான். அபிசீனியப் போரிலும் ஸ்பானிய உள்நாட்டுப் போரிலும் ஆட்டம் கண்டிருந்த அந்த நம்பிக்கை இப்போது அடியோடு போயிற்று.

அடக்குமுறையைச் சிறுவயதிலேயே பார்த்தவர் அவர். பிறந்த ஊரான பிசீனோ அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் இருந்தது. இன்று குரோஷியாவில் இருக்கிறது. அப்பா அங்கே இத்தாலிய மொழிப் பள்ளியின் தலைமை ஆசிரியர். முதல் உலகப் போரின்போது பள்ளியை இழுத்து மூடிய அரசு, குடும்பத்தையே கிராஸ் நகருக்கு அனுப்பிக் கண்காணிப்பில் வைத்தது. அங்கே வாக்னரின் ஒப்பேராவைக் கேட்டுத்தான், இசையமைப்பதே தன் வேலை என்று அந்தப் பதின்மூன்று வயதுப் பையன் முடிவெடுத்தான்.

யூதர்களுக்கு எதிரான அந்தச் சட்டங்களுக்குப் பதிலடியாக அவர் எழுதியது 'சிறைப்பாடல்கள்'. மேரி ஸ்டூவர்ட், போயத்தியஸ், சவனரோலா ஆகிய மூவரும் மரண தண்டனைக்குக் காத்திருந்த கைதிகள். அவர்களின் சொற்களைச் சேர்ந்திசைக் குழு பாடுகிறது. துணைக்கு 2 பியானோ, 2 ஹார்ப், தாள வாத்தியங்கள், மணிகள். வயலினே கிடையாது. 12 ஸ்வரங்களையும் சமமாக வரிசைப்படுத்தி, எதையும் ஆதார ஸ்வரமாக்காத, இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் முறையை இதில் அவர் கையாளத் தொடங்கியிருந்தார். வறட்டுக் கணக்கு என்று பலர் ஒதுக்கிய முறை அது. இவர் கையில் அது பாடியது. அவருடைய பெரிய சாதனை இதுதான் என்பேன். 1941 டிசம்பர் 11 அன்று ரோமில் முதல் அரங்கேற்றம். அமெரிக்கா மீது முசோலினி போர் அறிவித்ததும் அதே நாளில்தான்.

பின்னர் வந்தது 'கைதி', ஒரே அங்க ஒப்பேரா. சிறைக்காவலன் கைதியைச் சகோதரா என்றழைத்து நம்பிக்கை ஊட்டுகிறான். திறந்திருக்கும் கதவு வழியே தப்பித் தோட்டத்துக்கு வந்த கைதியை, ஒரு மரத்தடியில் இரு கைகள் அணைக்கின்றன. அதே குரல், அதே அழைப்பு. காவலனாக வந்தவன் மத விசாரணை மன்றத்தின் தலைவனேதான். தப்பவிட்டதும் சித்திரவதையின் ஒரு பகுதியே! எரியூட்டும் இடத்துக்கு நடக்கும் கைதியின் கடைசிச் சொல் ஒரு கேள்வி: விடுதலையா?

1950-ல் பிளாரன்ஸில் மேடையேறியபோது, திருச்சபையைத் தாக்குவதாகக் கத்தோலிக்கர் சிலர் கொதித்தார்கள். ஸ்டாலினைத்தான் சொல்கிறார் என்று கம்யூனிஸ்டுகள் சிலர் சினந்தார்கள்.