இரு மண்டபம், ஒரே பலிபீடம்



வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தின் வரலாற்றைச் சொல்லப் புகும்போது, பெருமைகளை மட்டும் எழுதி முடிக்க நமக்கு மனம் வரவில்லை.

திருவிதாங்கூர் அரசுப் பணியிலிருந்த நீலகண்ட பிள்ளை, 1745 மே 14 அன்று இவ்வூரிலேதான் சேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். உயர்வு தாழ்வு பாராமல் எல்லாரோடும் பழகிய அவர், விசுவாசத்தில் உறுதியாய் நின்று, 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டு வேதசாட்சியாக மரித்தார்.

அதே ஊரில் 1872-இல் எழுந்த ஆலயமோ இரு மண்டபங்களாகக் கட்டப்பட்டது. ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடார். நடுவே தடுப்புச் சுவர். இரண்டும் வந்து கூடுமிடத்தில் பலிபீடம் மட்டும் ஒன்றே. பூசை நிறைவேற்றும் குருவை இரு சாராரும் கண்டனர், ஒருவரையொருவர் காணவில்லை.

1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. மீண்டும் கட்டித் தரவேண்டுமென்று சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்காடியும் அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை.

2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது, 'பிள்ளை' என்னும் சாதிப் பட்டம் அவர் பெயரோடு சேர்க்கப்படவில்லை. நமது ஆலயத்தின் சரித்திரம் கற்பிக்கும் பாடமும் அதுவே.

ஆகவே, ஜூபிலி கொண்டாடும் நாம் சப்பரம் தூக்குவதிலும், திருமணப் பந்தியிலும், கல்லறைத் தோட்டத்திலும் அந்தப் பழைய சுவரை எழுப்பாதிருப்போமாக. திருக்குடும்பம் நம்மை ஒரே குடும்பமாய்க் காப்பதாக.