கிடங்கில் பிறந்த இசை: ஃபிராங்கி நக்கிள்ஸின் தொழில் வாழ்வும் ஹவுஸ் இசையின் தோற்றமும்

இசைத்தட்டைச் சுழலவிடுபவன் சங்கீதக்காரன் அல்லன் என்ற அபிப்பிராயம் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஐயத்துக்கு இடமின்றி நிலவிவந்தது. பாடியவர் வேறு, வாத்தியம் வாசித்தவர் வேறு, பதிவு செய்து விற்ற கம்பெனி வேறு. நடன விடுதியின் மூலையில் நின்று தட்டுக்களை மாற்றிக்கொண்டிருந்தவரோ, விருந்தில் பரிமாறுகிறவரைப்போல, சமையலில் பங்கில்லாதவராகவே எண்ணப்பட்டார். அந்த எண்ணம் மாறி, பிறருடைய பதிவுகளை மறுகலவை செய்யும் டிஜேக்களுக்கென்று 1998-ஆம் ஆண்டில் கிராமி விருதுக் குழுவினர் தனிப் பிரிவொன்றையே வகுக்கும் நிலை எவ்வாறு உண்டாயிற்று என்ற வினாவுக்கு, அவ்விருதை முதன்முதலாகப் பெற்ற ஃபிராங்கி நக்கிள்ஸின் தொழில் வாழ்க்கையே தெளிவான விடை தருகிறது என்பது என் துணிபு.

நக்கிள்ஸ் 1955-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் தேதி நியூயார்க் நகரத்து பிராங்ஸ் பகுதியில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் துணிகளுக்கு உருவரை வரையும் கலையைப் பயின்றவர். ஆயினும் அவருடைய உண்மையான கல்வி இரவு விடுதிகளிலேயே நடைபெற்றது. 1970-இல் டேவிட் மன்குசோ என்பவர் தம் சொந்த வாசஸ்தலத்தில் அழைப்பு பெற்றவர்களுக்காக நடத்தத் தொடங்கிய ‘தி லாஃப்ட்’ என்னும் நடனக் கூட்டம், மதுவை விற்காமலும் உயர்ந்த ஒலிக்கருவிகளைக் கொண்டும், விடியும்வரை ஓர் இரவை ஒரே கதைபோல் கட்டமைக்கலாம் என்பதைக் காட்டியிருந்தது. அக்கூட்டத்தின் தாக்கத்தில் எழுந்தது நிக்கி சியானோவின் ‘தி கேலரி’. அங்கே பலூன் ஊதுவதும் மண்டபத்தை அலங்கரிப்பதுமாகிய எளிய ஊழியத்தில் அமர்ந்தவர்கள் நக்கிள்ஸும் அவருடைய ஆப்த நண்பர் லாரி லெவானும் ஆவர். பின்னர் இருவரும் அன்சோனியா ஹோட்டலின் அடித்தளத்தில் இயங்கிய ‘காண்டினென்டல் பாத்ஸ்’ என்னும், தன்பாலீர்ப்பு ஆடவர்களுக்கான நீராட்ட விடுதியில் தட்டுச் சுழற்றும் தொழிலைக் கைவரச் செய்துகொண்டனர். பெட் மிட்லர் என்னும் பாடகி புகழ் பெறத் தொடங்கியதும் அவ்விடுதியிலேதான்.

1977-இல் சிகாகோவில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர், தெற்கு ஜெஃபர்சன் வீதி 206-ஆம் எண்ணுள்ள பழைய தொழிற்கட்டடமொன்றை நடன விடுதியாக்கியபோது, அவர் முதலில் அழைத்தது லெவானைத்தான். நியூயார்க்கில் தமக்கென்றே ‘பாரடைஸ் கராஜ்’ என்னும் பெரிய விடுதி உருவாகிக்கொண்டிருந்தமையால் லெவான் வர மறுத்துவிட, அவ்வழைப்பு நக்கிள்ஸை அடைந்தது. வரலாறு சில வேளைகளில் இரண்டாம் தேர்வினாலேயே நடத்தப்படுகிறது. புது விடுதிக்கு ‘வேர்ஹவுஸ்’, அதாவது கிடங்கு, என்ற பெயரே வழங்கலாயிற்று. பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் வம்சத்துத் தன்பாலீர்ப்பாளர்களான இளைஞர்கள் சனிக்கிழமை நள்ளிரவில் அங்கே கூடி, ஞாயிற்றுக்கிழமை பொழுது நன்றாக ஏறியபின்பே கலைந்தனர். விடுதிக்குள் திடீரென்று விளக்குகள் யாவும் அணைய, எங்கிருந்தோ ஒரு ரயில் பெரு முழக்கத்துடன் மண்டபத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பாய்ந்து செல்வதுபோன்ற பதிவு ஒலிக்க, ஆடுவோர் அலறி மகிழ்ந்தனர் என்று அங்கே சென்றவர்கள் நினைவுகூர்வர். அந்நகரத்து இசைத்தட்டுக் கடைகளில் வேர்ஹவுஸில் கேட்ட பாடல்களைத் தேடி வாடிக்கையாளர் வந்தமையால், அவற்றைத் தனியே அடுக்கி விடுதியின் பெயரால் குறிக்கும் வழக்கம் ஏற்பட்டது. ‘ஹவுஸ்’ என்ற பெயர் அவ்வழக்கத்தின் குறுக்கமே என்பது பெரும்பாலோர் கொள்கை.

இனி, ஹவுஸ் இசையின் தோற்றத்துக்குக் காரணமாகப் பலரும் கூறும் சம்பவத்தை ஆராயவேண்டும். 1979 ஜூலை 12-ஆம் தேதி சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், ஸ்டீவ் டால் என்னும் வானொலி அறிவிப்பாளரின் தூண்டுதலால், டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவருவோர்க்கு 98 சென்ட் கட்டணத்தில் அனுமதி அளிக்கப்பட்டது. சேர்ந்த தட்டுக்களை அன்றைய இரண்டு ஆட்டங்களுக்கு இடைப்பட்ட வேளையில் வெடிவைத்துத் தகர்க்க, கூட்டம் களத்துக்குள் புகுந்து குழப்பம் விளைத்தமையால் இரண்டாவது ஆட்டமே கைவிடப்பட்டது. அன்று அம்மைதானத்தில் இருக்கை காட்டும் வேலையில் இருந்த வின்ஸ் லாரன்ஸ் என்னும் கறுப்பின இளைஞர், டிஸ்கோவுடன் சம்பந்தமே இல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுக்களும் அந்தக் குவியலுக்காகக் கொண்டுவரப்பட்டதைப் பிற்காலத்தில் எடுத்துக்கூறியிருக்கிறார். ஐந்தாண்டுகளுக்குப் பின், ஜெஸ்ஸி சாண்டர்ஸுடன் சேர்ந்து ‘ஆன் அண்ட் ஆன்’ என்ற ஆரம்பகால ஹவுஸ் தட்டை உருவாக்கியவரும் அவரே. எரிந்த டிஸ்கோவின் சாம்பலிலிருந்து ஹவுஸ் எழுந்தது என்ற கதை இதனால் மிக அழகாக அமைந்துவிடுகிறது. அந்த அழகே அதன்பால் நமக்கு ஐயம் எழக் காரணமாக வேண்டும்.

ஏனெனில், வேர்ஹவுஸ் அச்சம்பவத்துக்கு இரண்டாண்டுகள் முன்னரே நடைபெற்றுவந்தது. அங்கே ஆடியவர்கள் மைதானத்தில் வெடித்ததைக் கேட்டுத் தம் ருசியை மாற்றிக்கொண்டவர்களும் அல்லர். மாறியது வியாபாரம். வயலின் வரிசைகளும் ஊதுகுழல் குழுக்களும் நிறைந்த செலவுமிக்க நடனப் பதிவுகளைப் பெரிய கம்பெனிகள் கைவிடத் தொடங்கின. வாரந்தோறும் புதுத் தட்டை எதிர்பார்த்த டிஜேக்களுக்கு வரத்துக் குறைந்தது. ஆடுவோர் இருந்தனர், மண்டபம் இருந்தது, ஒலிக்கருவி இருந்தது, ஆனால் இசைக்கப் போதிய சரக்கு இல்லை. இந்தப் பற்றாக்குறையே நக்கிள்ஸை, கிடைத்ததைக்கொண்டு கிடைக்காததைச் செய்துகொள்ளும் கைத்தொழிலுக்குத் திருப்பியது என்று கொள்வதே, சாம்பலிலிருந்து எழுந்த கதையைக் காட்டிலும் சான்றுகளுக்கு இணங்கியதாகும்.

அக்கைத்தொழிலின் இயல்பைச் சற்று அணுகிப் பார்த்தல் தகும். 1980-களின் தொடக்கத்தில் நக்கிள்ஸ், ஒலிப்பதிவுத் தொழில் பயின்ற நண்பர் ஒருவரின் துணையுடன், பழைய பாடல்களைச் சுருள் நாடாவில் பதிந்து வெட்டி ஒட்டத் தொடங்கினார். நிமிஷத்துக்கு 120 அடிகள் விழும் பாடலொன்றை வினாடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடும் நாடாவில் பதிந்தால், ஓர் அடி ஏழரை அங்குல நீளத்தையும், நான்கு அடி கொண்ட ஓர் ஆவர்த்தனம் முப்பது அங்குல நீளத்தையும் பெறும். எனவே தாளம் என்பது இங்கே காதுக்கு மட்டுமன்றி அளவுகோலுக்கும் புலனாகும் பொருளாகிவிடுகிறது. சுருளைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து முரசின் அடி தொடங்கும் புள்ளியைக் காதால் கண்டு, மெழுகுப் பென்சிலால் குறியிட்டு, சரிவான பள்ளத்தில் நாடாவைப் பொருத்திச் சவர அலகால் அறுத்து, மறுமுனையுடன் ஒட்டவேண்டும். மயிரிழை தவறினாலும் ஆடுபவனின் கால் அதனை உடனே அறிந்துவிடும். பாடலில் ஒருமுறையே வந்து மறையும் தாளப் பகுதியை இவ்வாறு பிரதி எடுத்து அடுத்தடுத்து ஒட்டினால், அது எத்தனை நேரம் வேண்டுமானாலும் நீளும். ஃபர்ஸ்ட் சாய்ஸ் என்னும் ஃபிலடெல்ஃபியாப் பாடகியர் குழுவின் 1977-ஆம் ஆண்டுப் பாடலாகிய ‘லெட் நோ மேன் புட் அசண்டர்’, 1983-இல் நக்கிள்ஸின் மறுகலவையாகச் சால்சோல் கம்பெனியாரால் வெளியிடப்பட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்போர், முன்னதில் பாட்டுக்குத் துணையாக நின்ற தாளமும் தாழ்சுருதியும் பின்னதில் பிரதான ஸ்தானத்தைப் பெற்றிருப்பதையும், குரல் துணுக்குகளாக வந்துபோவதையும் காண்பர். ஹவுஸ் இசையின் இலக்கணம் முழுவதும் இந்த இடமாற்றத்தில் அடங்கியிருக்கிறது.

1980-களின் தொடக்கத்தில் வேர்ஹவுஸை விட்டு நீங்கிய நக்கிள்ஸ், ‘பவர் பிளாண்ட்’ என்ற தம் விடுதியைத் தொடங்கினார். வில்லியம்ஸோ ‘மியூசிக் பாக்ஸ்’ என்ற பெயரில் மற்றொன்றை ஏற்படுத்தி, ரான் ஹார்டி என்னும் உக்கிரமான டிஜேயை அதில் அமர்த்தினார். இப்போட்டி சிகாகோ இளைஞர்க்கு நற்பேறாயிற்று. ஜப்பானிய ரோலண்ட் கம்பெனியார் 1983-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டிஆர்-909 என்னும் தாள யந்திரம், நிஜ முரசைப்போல் ஒலிக்கவில்லை என்ற குறையால் சங்கீத உலகில் வரவேற்புப் பெறாமலே போயிற்று. டெட்ராய்ட் நகரத்து டெரிக் மேயிடமிருந்து அத்தகைய யந்திரமொன்றை நக்கிள்ஸ் விலைக்கு வாங்கி, சுழலும் தட்டுக்களுக்கு அடியில் அதன் கனத்த முரசொலியை ஓடவிட்டார். ஒரு பாடலுக்கும் அடுத்த பாடலுக்கும் இடையே தாளம் அறாதிருக்கவும், பழைய பாடலின் மெலிந்த அடி வலுப்பெறவும் அது உதவியது. இதைக் கேட்ட இளைஞர்கள், அடியில் ஓடும் யந்திரத் தாளமே போதுமெனில் மேலே சுழலும் தட்டு எதற்கு என்று எண்ணி, தம் வீட்டு அறைகளிலேயே பாடல் கட்டத் தலைப்பட்டனர்.

அவ்வாறு கட்டப்பட்டவற்றுள் சிறந்தது ஜேமி பிரின்சிபிளின் ‘யுவர் லவ்’. தட்டாக வெளிவருமுன்பே அது நாடாப் பிரதியாக விடுதிகளில் ஒலித்து, நக்கிள்ஸின் கையில் மெருகேறி, சிகாகோவில் பிரசித்தமாயிற்று. ஆனால் 1987-இல் டிராக்ஸ் கம்பெனியார் வெளியிட்ட தட்டின்மீது முதன்மையாகப் பொறிக்கப்பட்டது நக்கிள்ஸின் பெயரே. எழுதிப் பாடியவர் ஒருவராயிருக்க, மெருகிட்டுப் பரப்பியவரின் பெயரால் ஒரு பாடல் உலகத்துக்கு அறிமுகமாயிற்று. டிஜேயின் மதிப்பு எவ்வளவு உயர்ந்துவிட்டது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று இல்லை. அவ்வுயர்வில் அநீதியும் கலந்திருந்தது என்பதற்கும் இதுவே சான்று. நக்கிள்ஸை ஹவுஸின் தந்தை என்று போற்றும் நூல்கள் இவ்விடத்தில் விரைந்து நடக்கின்றன.

அதே 1987-ஆம் ஆண்டு ஜனவரியில் ஸ்டீவ் ஹர்லியின் ‘ஜாக் யுவர் பாடி’ என்ற ஹவுஸ் பாடல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. பிறந்த ஊரில் பெரிய வானொலிகள் பொருட்படுத்தாத இசை கடல் கடந்து பெருமை பெற்றது. சிகாகோவிலோ நள்ளிரவுக்குப் பிந்திய விடுதிகளின்மேல் நகர நிர்வாகத்தின் கெடுபிடி இறுகியது. நக்கிள்ஸ் சிறிது காலம் லண்டனில் இசைத்துவிட்டு நியூயார்க் திரும்பி, டேவிட் மொராலெஸ், ஜூடி வைன்ஸ்டைன் ஆகியோருடன் ‘டெஃப் மிக்ஸ்’ என்னும் ஸ்தாபனத்தில் இணைந்தார். முன்னர்ச் சரக்கில்லாமல் நாடாவை வெட்டியவரிடம், இப்போது பெரிய கம்பெனிகள் தாமாகவே பாடல்களை அனுப்பி மறுகலவை செய்து தரக் கேட்டன. 1991-இல் வெளிவந்த ‘தி விசில் சாங்’ அவருடைய சொந்தப் படைப்புக்களுள் மிகுதியும் அறியப்பட்டது. சீழ்க்கைபோல் ஒலிக்கும் அதன் மெட்டு, விடுதிக்கு ஒருபோதும் செல்லாதவரையும் கவரத்தக்கது.

2004-இல் ஜெஃபர்சன் வீதியின் ஒரு பகுதிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அப்போது இல்லினாய்ஸ் மாநில செனட்டராயிருந்த பராக் ஒபாமா அம்முயற்சிக்குத் துணைநின்றார். நீரிழிவினால் நலிந்து, 2008-இல் ஒரு பாதத்தை இழந்தபின்னும் தொழிலை விடாதிருந்த நக்கிள்ஸ், 2014 மார்ச் 31-ஆம் தேதி சிகாகோவில் காலமானார். பல்லாயிரம் தட்டுக்கள் கொண்ட அவருடைய சேகரம், அந்நகரின் தென்பகுதியில் 1923-இல் எழுந்த பழைய வங்கிக் கட்டடமொன்றில், ஸ்டோனி ஐலண்ட் ஆர்ட்ஸ் பேங்க் என்ற பெயருடைய கலைநிலையத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. வேர்ஹவுஸ் இயங்கிய கட்டடத்தை இடித்துவிடக் கூடாதென்று எழுந்த கோரிக்கையை ஏற்று, 2023 ஜூனில் சிகாகோ நகரமன்றம் அதனை நகரின் நினைவுச் சின்னமாக அறிவித்தது.