சரிவு

'சரி' என்னும் வினைக்கு நழுவுதல், ஒருபக்கம் இறங்குதல் என்பன பொருள். 'வு' விகுதி பெற்றுச் சரிவு ஆயிற்று. செஞ்சிக்காரர்களுக்கு அது இராஜகிரியின் மலைச்சரிவு. இயற்பியலில், காந்த ஊசி கிடைமட்டத்திலிருந்து கீழிறங்கும் கோணம் காந்தச் சரிவு.

லண்டனில் 1576இல் ராபர்ட் நார்மன் தாமே கருவி செய்து அளந்தபோது கிட்டத்தட்ட 72 பாகை வந்தது. சென்னையில் சுமார் 14. தெற்கே செஞ்சியில் இன்னும் குறைவு. ஆகவே இங்கே கருவி செய்வது மிக நுட்பமான வேலை. ஊசியைக் காந்தமாக்கும் முன்பே அதன் எடை மையம் சரியாக அச்சில் அமைய வேண்டும். ஏறத்தாழப் படுத்த நிலையில் நிற்கும் ஊசியில் சிறு எடைப் பிழையும் பெரிதாகத் தெரியும். அதனால்தான் ஒருமுறை அளந்தபின், துருவங்களை மாற்றிக் காந்தமேற்றி, மீண்டும் அளந்து சராசரி எடுக்கிறார்கள்.

பக்கவாட்டில், உண்மை வடக்கிலிருந்து ஊசி விலகுவது காந்த ஒதுக்கம், அது வேறு.